சண்டி மாடு

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அந்தச் சாலை நான்கு வழிச்சாலையாக விரிவதற்கு முன்பு, முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பேற்றிய மாட்டுவண்டிகள் அதன் ஓரமாக ஊர்ந்து செல்வதை நம்மில் பலர் பேருந்து ஜன்னல் வழியே பார்த்திருக்கிறோம். அப்படிச் செல்லும் வண்டிகளில் ஒன்று திடீரென்று நின்றுவிடும். பூட்டிய இரண்டு மாடுகளில் ஒன்று முன்னங்காலை மடக்கிப் படுத்துவிட்டிருக்கும். வண்டிக்காரர் முதலில் அதட்டுவார். பிறகு தார்க்குச்சி. அதற்கும் அசையாவிட்டால் வாலை முறுக்குவார். இன்னும் பிடிவாதமென்றால் வால் நுனியைப் பல்லால் கடிப்பார். மாடு விருட்டென்று எழுந்து நாலடி ஓடும். சுற்றி நின்றவர்கள் சிரிப்பார்கள். "பார்த்தீங்களா, முடியாமலா இருந்துச்சு? அத்தனையும் சண்டித்தனம்."

இந்தத் தீர்ப்பைப் பற்றித்தான் எழுத நினைக்கிறோம். அடிபட்டதும் எழுந்தது, ஆகவே அதுவரை எழ முடிந்தும் எழாமல் இருந்தது. கேட்பதற்கு மறுக்க முடியாத தர்க்கம் போலிருக்கிறது. மாட்டைப் பற்றி மட்டுமன்று, மனிதரைப் பற்றியும் நாம் இதே தர்க்கத்தைத்தான் காலங்காலமாகக் கைக்கொண்டிருக்கிறோம். வள்ளுவர் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை என்று மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருக்கிறார். அவர் பேசியது அறம். அதில் நமக்குக் குறையொன்றுமில்லை. ஆனால் அறத்தின் சொற்களைக் கொண்டு உடலின் ஒவ்வொரு நிலையையும் அளக்கலாம் என்று நாம் நினைத்துக்கொண்டதில்தான் பிழை இருக்கிறது. படுத்துக் கிடப்பவனுக்கு நம் மொழியில் எத்தனை வசைச்சொற்கள்! எழ இயலாமைக்கென்று ஒரு சொல்லைத் தேடினால் கைக்கு எளிதில் அகப்படுவதில்லை.

உயிரினம் ஒன்று விழித்திருப்பதும், எழுவதும், ஓர் இலக்கை நோக்கி நகர்வதும் எதனால் என்ற கேள்விக்கு இருபதாம் நூற்றாண்டு கண்டுபிடித்த விடையில், அதிகம் பேசப்படாத இந்தியப் பங்கு ஒன்று உண்டு. அதன் ஒரு கண்ணி சென்னை சேப்பாக்கத்தில் இருக்கிறது. இன்னொரு கண்ணி, பெயர் தெரியாமலேயே, திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் பக்கத்து முள்வேலிகளில் படர்ந்து தொங்கிக்கொண்டிருக்கிறது.

முதலில் சர்ப்பகந்தி. நம் பக்கத்து வறண்ட காடுகளில் எளிதாகக் காணக் கிடைக்காத, ஈரக் காடுகளுக்குரிய சிறுசெடி. பாம்போடு சண்டைக்குப் போகுமுன் கீரி இதன் வேரை மென்றுவிட்டுப் போகும் என்றொரு கதை இதற்கு உண்டு. (கீரியின் எதிர்ப்பாற்றல் அதன் தசைகளிலுள்ள ஏற்பிகளின் அமைப்பிலேயே இருக்கிறது என்று பின்னர் தெரிந்தது. வேரைத் தாராளமாக மென்றிருந்தால் கீரி பாம்பின் முன் தூங்கி வழிந்திருக்கும் என்பதே உண்மைக்கு நெருக்கமானது.) இந்த வேரைக் கொண்டு 1931இல் இரண்டு காரியங்கள் நடந்தன. டில்லியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி அதிலிருந்து காரப்பொருள்களைப் பிரித்தெடுத்து, அவற்றிலொன்றுக்கு ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாக அஜ்மலின் என்று பெயரிட்டார். கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் இந்த வேர் சித்தப்பிரமைக்கும் உயர் ரத்த அழுத்தத்திற்கும் பயன்படுவதை எழுதினார்கள். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் பிரிட்டிஷ் இதயநோய் இதழில் எழுதிய பிறகே வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் அந்த வேரின் அமைதிப்படுத்தும் பொருளைத் தனியே பிரித்து ரெசர்பின் என்று பெயர் சூட்டினர்.

ரெசர்பின் கொடுக்கப்பட்ட விலங்கு தூங்குவதில்லை, மயங்குவதுமில்லை. கண் திறந்திருக்கும், உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். 1950களின் நடுவில் இந்தப் புதிரை எடுத்துக்கொண்டவர்கள், மூளையில் செரட்டோனினும் நோர்அட்ரினலினும் வற்றிப்போவதைக் கண்டார்கள். எது வற்றியதால் இந்த நிலை? சுவீடனைச் சேர்ந்த ஆர்விட் கார்ல்சன் 1957இல் செய்த சோதனை அதற்கு விடை சொன்னது. ரெசர்பின் செலுத்தப்பட்ட முயல்கள் காதுகள் தொங்கிப்போய், தரையோடு ஒட்டிக் கிடந்தன. செரட்டோனினாக மாறக்கூடிய பொருளைச் செலுத்தினார், பயனில்லை. டோபா என்ற அமினோ அமிலத்தைச் செலுத்தினார். கால் மணி நேர அளவில் காதுகள் நிமிர்ந்தன, முயல்கள் எழுந்து நடமாடின. முன்னும் பின்னுமாக எடுக்கப்பட்ட அந்த இரண்டு புகைப்படங்கள் நரம்பியல் வரலாற்றில் மிகவும் புகழ்பெற்றவை.

டோபா உடலில் டோபமைனாகி, பிறகு நோர்அட்ரினலினாகவும் மாறும். எனவே முயலை எழுப்பியது நோர்அட்ரினலின்தான் என்று எவரும் எண்ணியிருக்கலாம். எழுந்து நடமாடிய முயல்களின் மூளையில் நோர்அட்ரினலின் மீண்டிருக்கவில்லை. அதுவரை வெறும் இடைநிலைப் பொருளாகக் கருதப்பட்ட டோபமைன் மூளையில் தனக்கென ஒரு வேலை உள்ள பொருள் என்பது இப்படித்தான் தெரியவந்தது. அடுத்த ஆண்டே கார்ல்சன் குழுவினர் மூளையில் அது இயல்பாகவே இருப்பதைக் காட்டினர். இருந்தும் 1960இல் லண்டனில் கூடிய கருத்தரங்கில் ஹென்றி டேல் போன்ற பெரியவர்கள் இதை ஏற்கவில்லை. அதே ஆண்டு வியன்னாவில் எரிங்கரும் ஹார்னிகீவிச்சும் பார்க்கின்சன் நோயால் இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்து, அடிப்பகுதிக் கருக்களில் டோபமைன் வெகுவாகக் குறைந்திருப்பதைக் கண்டார்கள். முயலும் மனிதனும் ஒரே கோட்டில் வந்து நின்ற இடம் அது. கார்ல்சனுக்கு நோபல் பரிசு கிடைக்க 2000ஆம் ஆண்டு வரை ஆயிற்று.

சர்ப்பகந்தி முயலைக் கிடத்தியது. எழுப்பிய டோபா எங்கெல்லாம் இருக்கிறது?

செஞ்சி, திண்டிவனம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பூனைக்காலியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பொன்னிறச் சுணை படர்ந்த அதன் காயை எடுத்து, பிடிக்காத பையனின் சட்டைக்குள் தேய்த்துவிடுவது பள்ளிக்கூடத்து வன்முறைகளில் ஒன்று. அரிப்பு தாங்காமல் துள்ளும் பையனுக்கு யாராவது சாணியை எடுத்துப் பூசுவார்கள். அந்தச் சுணையில் புரதத்தை அறுக்கும் ஒரு நொதியும் செரட்டோனினும் இருக்கின்றன. காய்க்குள் இருக்கும் விதையிலோ, எடையில் நூற்றுக்கு நான்கைந்து பங்கு டோபா இருக்கிறது. இந்தச் செய்தியை 1937இல் உயிர்வேதியியல் இதழொன்றில் வெளியிட்டவர்கள் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வகத்தைச் சேர்ந்த தாமோதரனும் ராமசாமியும். கார்ல்சனின் முயல்களுக்கு இருபது ஆண்டுகள் முன்பு. மூளையில் அதற்கு என்ன வேலை என்று அன்று உலகில் எவருக்கும் தெரியாது; அவர்கள் ஒரு விதையிலுள்ள அமினோ அமிலத்தைத் தூய்மையாகப் பிரித்துக் காட்டினார்கள், அத்துடன் முடிந்தது. தமிழில் அறிவியல் எழுதுகிறவர்கள் இந்த இரண்டு பெயர்களையும் எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்? நாமும்தான் சொல்லவில்லை.

திண்டிவனத்திற்கும் பயறினத்துக்கும் உள்ள உறவு தனிக்கதை. அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட நிலக்கடலை ரகங்கள் ஊரின் பெயரைச் சுருக்கி டி.எம்.வி. என்ற எழுத்துகளோடு தென்னிந்தியா முழுக்கப் பயிராகின. டி.எம்.வி. 2 கேள்விப்படாத பழைய கடலை விவசாயி இருக்க மாட்டார். அதே குடும்பத்துப் பூனைக்காலியை வேலியில் விட்டுவிட்டோம். தென்மலைக் காணிக்காரர்கள் அதன் ஓர் இன விதையைப் பலமுறை வேகவைத்து, ஒவ்வொரு முறையும் நீரை வடித்துவிட்டே உண்பார்கள். அவர்கள் வடித்துக் கொட்டியது பெரும்பாலும் டோபாவைத்தான்.

இந்த இடத்தில் வழக்கமான இரண்டு குரல்கள் எழும் என்பது நமக்குத் தெரியும். எல்லாம் நம் முன்னோருக்குத் தெரியும் என்பது ஒன்று. நம்மிடமிருந்து திருடிவிட்டார்கள் என்பது மற்றொன்று. இரண்டையும் ஏற்பதற்கில்லை. கார்ல்சன் முயலுக்குச் செலுத்திய டோபா பூனைக்காலியிலிருந்து வந்ததன்று, ஆய்வகத்தில் தயாரானது. சேப்பாக்கத்துக்கு முன்பே, 1913இல், குகன்ஹைம் என்பவர் ஐரோப்பிய அவரை ஒன்றிலிருந்து இதைப் பிரித்தெடுத்துவிட்டார். சித்த, ஆயுர்வேத மரபுகள் பூனைக்காலி விதையைப் போற்றியது உண்மை. ஆனால் எழுவதற்கு ஒரு பொருள் வேண்டும், அது மூளையில் ஊறுகிறது, வற்றவும் கூடும் என்ற எண்ணம் ஒரு முயலைக் கிடத்தி மீண்டும் எழுப்பிப் பார்த்த பிறகே மனிதருக்கு வந்தது. வேர் நம்முடையது, விதை நம்முடையது, கேள்வி நம்முடையதாக இருக்கவில்லை. அதைச் சொல்லிக்கொள்வதில் நமக்குக் கூச்சம் வேண்டியதில்லை.

விழிப்பும் இயக்கமும் டோபமைன் என்ற ஒற்றைப் பொருளின் வேலை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். மூளைத்தண்டில் நீலப்புள்ளி என்றழைக்கப்படும் சிறு பகுதியிலிருந்து நோர்அட்ரினலின் மூளை முழுக்கப் பாய்கிறது. விலங்கு விழித்துக் கவனிக்கையில் அந்த நரம்பணுக்கள் துடிக்கும்; உறங்குகையில் தணியும்; கனவுறக்கத்தில் ஏறக்குறைய மௌனமாகிவிடும். 1998இல் கண்டறியப்பட்ட ஓரெக்சின் விழிப்பைத் தாங்கிப் பிடிக்கும் தூண் போன்றது. அதன் ஏற்பி பழுதடைந்த டாபர்மேன் நாய்களை ஸ்டான்ஃபோர்டில் வளர்த்தார்கள். பிடித்த உணவைக் கண்டால் மற்ற நாய்கள் வாலாட்டும். இவை மகிழ்ச்சியில் கால் துவண்டு சரிந்து விழும். காரணம் ஒரு மரபணுப் பிழை என்பது 1999இல் உறுதியாயிற்று. விருப்பம் மிகும்போதே உடல் கைவிடுகிறது என்றால், படுத்துக் கிடப்பது விருப்பமின்மையின் அடையாளம் என்று எப்படிச் சொல்வது?

நம்மை மிகவும் தொந்தரவு செய்தவை எலிகள்தான். சியாட்டிலில் பால்மிட்டரின் ஆய்வகத்தில், டோபமைனே உற்பத்தியாகாத சுண்டெலிகளை 1995இல் உருவாக்கினார்கள். பிறந்து சில வாரங்களில் அவை நகர்வதை நிறுத்தின. உணவு பக்கத்திலேயே இருந்தது. போய் உண்ணவில்லை, அப்படியே விட்டால் பட்டினியால் இறந்தன. நாள்தோறும் டோபா ஊசி போட்டால் சில மணி நேரம் ஓடின, தின்றன, பிறகு மீண்டும் அடங்கின. வாயில் வைத்தால் விழுங்கத் தெரிந்தது. தண்ணீரையும் சர்க்கரைக் கரைசலையும் வைத்துப் பார்த்தபோது சர்க்கரையையே அதிகம் நாடின என்றும் பின்னர் கண்டார்கள். சுவை தெரிகிறது, விருப்பமும் உள்ளே இருக்கிறது. விருப்பத்திலிருந்து காலுக்கு வரும் வழிதான் அடைபட்டிருக்கிறது. நம் அகராதியில் இதற்குச் சோம்பல் என்றுதானே பெயர்?

இனி வால் கடிக்கப்பட்ட மாட்டிடம் திரும்பலாம். 1976இல் மார்ஷல், லெவிட்டன், ஸ்டிரிக்கர் என்ற மூவர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மூளையின் டோபமைன் நரம்புகள் அழிக்கப்பட்டு அசைவற்றுக் கிடந்த எலிகளைப் பனிநீரில் போட்டார்கள். அவை நீந்தின. பூனைகளுக்கு நடுவில் விட்டார்கள். ஓடின. ஆபத்து நீங்கிச் சற்று நேரமானதும் பழையபடி கிடந்தன. இந்த எழுச்சிக்கு எஞ்சியிருந்த சொற்ப டோபமைன் காரணமில்லை என்று 1989இல் வந்த ஆய்வொன்று காட்டியது. அதாவது உயிருக்கு ஆபத்து என்னும்போது மூளை வேறொரு வழியைத் திறக்கிறது. பார்க்கின்சன் நோயாளிகளிடமும் மருத்துவர்கள் இதைக் கண்டு, முரண்பட்ட இயக்கம் என்ற பொருளில் ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள். அடியெடுத்து வைக்க இயலாதவர், வீடு தீப்பற்றினால் ஓடிவிடுவார். மறுநாள் பழையபடி நாற்காலியில் இருப்பார்.

ஆக, வண்டியோரத்தில் நின்று சிரித்தவர்களின் தர்க்கம் உடைகிறது. வலியில் எழுந்தது என்பதால், அதற்கு முன் எழ முடிந்திருந்தது என்று ஆகாது. படுத்துவிட்ட ஒவ்வொரு மாட்டுக்கும் டோபமைன் வற்றிவிட்டது என்று நாம் சொல்லவில்லை. வெயில், பாரம், நோய், தாது உப்புக் குறைவு என்று பல காரணங்கள் இருக்கலாம். காரணம் எதுவானாலும் வால் கடி அதைக் கண்டறியும் சோதனையாகாது என்பதே நாம் சொல்வது. வால் கடியும் வால் முறுக்கலும் ஜல்லிக்கட்டு வழக்கில் உச்சநீதிமன்றம் 2014இல் அளித்த தீர்ப்பிலேயே இடம்பெற்றன. மாடுகளுக்கு மது புகட்டியதாகச் சொல்லப்பட்டதும் அதிலுண்டு. 2017இல் மாநிலச் சட்டத்திருத்தம் வந்தது, 2023 மே மாதத்தில் அரசியல் சாசன அமர்வு அதைச் செல்லும் என்றது. அந்த விவாதம் முழுவதும் பண்பாடு, வதை என்ற இரண்டு சொற்களுக்கிடையிலேயே நடந்தது. பாய்ந்து வரும் காளையின் உள்ளே ஊறுவது வீரமா பீதியா என்ற கேள்வியை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் தங்களுக்கு வசதியான விடையோடு கடந்துபோனார்கள். மூளையில் நோர்அட்ரினலின் பாய்வது இரண்டுக்கும் பொது. வெளியிலிருந்து பார்த்துப் பெயர் வைப்பது நாம்.

இதையெல்லாம் நாம் தேடிப் படிக்க நேர்ந்ததற்குக் காரணமும் ஒன்று உண்டு. திண்டிவனத்தை அடுத்த சிற்றூரில் நமக்கு வேண்டிய குடும்பத்துப் பெரியவர் ஒருவர், கரும்பும் மணிலாவும் போட்டு வாழ்ந்தவர், எழுபதைத் தாண்டியதும் மெல்ல மெல்ல நின்றுபோனார். கை நடுக்கம் அவ்வளவாக இல்லை. வாசற்படியருகே வந்தால் கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நிற்பார். முகத்தில் சிரிப்பு போயிற்று. "உழைச்ச மனுஷன், இப்ப உக்காந்து சாப்புடப் பழகிட்டாரு" என்று உறவினர் சொன்னார்கள். மகன்கள் அதட்டிப் பார்த்தார்கள். ஒரு நாள் பேரப்பிள்ளை கிணற்றுமேட்டில் தடுக்கி விழப்போக, பெரியவர் திண்ணையிலிருந்து பாய்ந்தோடிப் பிடித்துவிட்டார். பிள்ளை பிழைத்தது. ஆனால் அன்றோடு அவர் பேரில் இருந்த கொஞ்ச இரக்கமும் போயிற்று. ஓடத் தெரிகிறதே, பின் ஏன் தண்ணீர் செம்பை இன்னொருவர் எடுத்துக் கொடுக்க வேண்டும்? இரண்டாண்டுகள் அவர் நடிக்கிறார் என்றே அந்த வீடு நம்பியது.

பிறகுதான் பார்க்கின்சன் என்று தெரிந்து லெவோடோபா மாத்திரை தொடங்கினார்கள். முதல் வாரத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. தானே எழுந்து தொழுவம் வரை போனார். நன்றாகிவிட்டதால் மாத்திரை எதற்கு என்று தோன்றியிருக்க வேண்டும். அல்லது யாரோ சொல்லியிருக்க வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் பூனைக்காலி விதைப் பொடி வாங்கி, மாத்திரையை நிறுத்திவிட்டு, கரண்டிக் கணக்கில் கொடுத்தார்கள். இதில் அறியாமை மட்டும் இருந்ததென்று சொல்ல மாட்டோம். அந்தப் பொடியில் இருப்பதும் அதே டோபாதான். 2004இல் லண்டனில் எட்டு நோயாளிகளைக் கொண்டு செய்த சிறு சோதனையில், பூனைக்காலிப் பொடி மாத்திரையைவிட விரைவாக வேலை செய்தது என்றே கண்டார்கள். அங்கே அளந்து கொடுத்தார்கள், மருத்துவர் அருகிருந்தார். இங்கே எந்த விதையில் எவ்வளவு என்று எவருக்கும் தெரியாது. மாத்திரையில் டோபாவோடு இன்னொரு மருந்தும் சேர்ந்திருக்கும். டோபா மூளையை அடையும் முன்பே உடலில் செலவாகிவிடாமல் அது காக்கும். பொடியில் அது இல்லை. பெரியவர் சில நாள் காலையில் மரக்கட்டை போலக் கிடந்தார், சில நாள் மதியத்தில் கைகால்கள் தாமாக முறுக்கி ஆடின. ஒரு நாள் இறந்துபோன தம் எருதுகளைக் கொல்லையில் கண்டு பேர் சொல்லி அழைத்தார். பயந்துபோய் மருத்துவரிடம் கூட்டிப் போனார்கள், மாத்திரைக்குத் திரும்பினார்கள்.

இப்போது ஓரளவு தேறியிருக்கிறார். மாத்திரையின் வேகம் அடங்கும் நேரங்களில் மட்டும் வாசற்படியில் நின்றுவிடுவார். தரையில் குறுக்குக் கோடுகள் இருந்தால் பார்க்கின்சன் நோயாளிகள் அவற்றைத் தாண்டித் தாண்டி நடந்துவிடுவார்கள் என்று பர்டன் மார்ட்டின் என்ற மருத்துவர் 1967இல் எழுதியிருக்கிறார். அதைச் சொன்னோம். அன்று கிணற்றுமேட்டில் பிழைத்த அந்தப் பேரப்பிள்ளை, கட்டிலிலிருந்து வாசற்படி வரை, அங்கிருந்து தொழுவம் வரை, ஒரு சாண் இடைவெளி விட்டுச் சுண்ணாம்புக் கட்டியால் கோடுகள் போட்டிருக்கிறது. மழை வந்தால் வெளிக்கோடுகள் அழிந்துவிடும். மறுநாள் காலை பள்ளிக்கூடம் போகுமுன் மறுபடியும் போட்டுவிட்டுப் போகிறது.